கட்டர் வெட்டியதை மறைக்காதீர்கள், தம்பி

கிடங்கில் சேர்ந்த மூன்றாம் வாரமே, அட்டைப்பெட்டி பிரிக்கும்போது கட்டர் வழுக்கி இடது கட்டைவிரலை வெட்டிவிட்டது, வேலை போய்விடுமோ என்று துணி சுற்றி மறைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கையுறை நாமே வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கையுறை அப்புறம். முதலில் விரலைப் பாருங்கள். நுனி மரத்திருக்கிறதா? முழுசாக மடக்கி நீட்ட வருகிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே நரம்போ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ அறுந்திருந்தாலும் மேல்தோல் மூடிக்கொள்ளும், ஆறிவிட்டது போலவே தெரியும். வந்த புதிதில் நானும் இதே பயத்தில் மூன்று வாரம் மறைத்தேன். அதற்குள் அறுந்த தசைநாண் சுருங்கி உள்ளே போய்விட்டது. பதினாறு வருடம் ஆகியும் என் ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது. சட்டைப் பித்தான் போடும்போதெல்லாம் அந்த மூன்று வாரம் நினைவுக்கு வரும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள், கேட்பார்கள்.

வீட்டில் வெட்டிக்கொண்டேன் என்று மட்டும் மருத்துவரிடம் சொல்லாதீர்கள். வேலையில் நடந்தது என்று பதிவாக வேண்டும். சூப்பர்வைசரிடமும் எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், எந்தக் கருவி, பக்கத்தில் யார் இருந்தார்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். தெரிவிக்கப் பல நாடுகளில் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மறைத்த காயம் பெரிதானால், அது இங்கே நடக்கவே இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது.

கையுறையை நிறுவனம்தான் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தொழிலாளி செலவு செய்யக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் வருட 155ஆம் உடன்படிக்கையே சொல்கிறது. இஎன் 388 என்று, அதாவது பாதுகாப்புக் கையுறைக்கான ஐரோப்பியத் தரக் குறி, அச்சிட்ட கையுறையில், எண்களுக்குப் பின்னால் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து இருக்கும். எஃப் பக்கம் போகப் போக வெட்டைத் தாங்கும் திறன் கூடும். ஆனால் அந்த எழுத்து குத்துக்கு இல்லை, கட்டர் முனை உள்ளே இறங்கலாம்.

பிளேடு மழுங்கினால் உடனே மாற்றச் சொல்லுங்கள். மழுங்கியதை அழுத்தித்தான் இழுக்க வேண்டியிருக்கும், வழுக்குவது அப்போதுதான். பெட்டியைப் பிடிக்கும் கை, பிளேடு போகும் பாதையில் இருக்கவே கூடாது. பெரும்பாலும் வெட்டுப்படுவது அந்தக் கைதான், உங்களுக்கும் எனக்கும் பட்டது போல.

மருத்துவமனை போய்வந்ததும், விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தார்களா என்று எனக்கு எழுதுங்கள்.