பாதியில் வந்தவனுக்கும் ஒரு கதை

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவன். இப்போது ஆங்கிலத்தில் அமெரிக்க காமிக்ஸ் படிக்கத் தொடங்கி, மார்வெல் நிறுவனத்தின் 'சிவில் வார்' கதைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். சூப்பர் ஹீரோக்கள் தங்கள் அடையாளத்தை அரசிடம் பதிய வேண்டும் என்ற சட்டத்தால் இரண்டு அணியாகப் பிரிந்து மோதிக்கொள்ளும் கதை. மூலத்தொடர் ஏழு இதழ்கள்தான். ஆனால் கதை ஸ்பைடர்மேன், கேப்டன் அமெரிக்கா, எக்ஸ்-மென் என்று பல தொடர்களுக்குள் பரவிக் கிடக்கிறது. இணையத்தில் கிடைத்த வாசிப்பு வரிசை நூறு இதழை நெருங்குகிறது. வரிசை தவறாமல் படித்து, படித்ததை அட்டவணையில் குறித்து வந்தேன். பாதியில் சலித்து நின்றுவிட்டேன். எந்த இதழ்களை விட்டால் கதை கெடாது என்று சொல்வீர்களா? செத்தவர்கள் எல்லாம் திரும்பி வரும் இந்தக் கதைகள் வெறும் வியாபாரம்தானா? இந்த வயதில் பொம்மைப் புத்தகமா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓசூர் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டாரின் கேலிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்தவன் தூங்கப் போகுமுன் எதைப் படிக்கிறான் என்பது அவன் பாடு. நீங்களும் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வியாபாரமா என்று கேட்கிறீர்கள். வியாபாரம்தான். 1984இல் மார்வெல் தொடங்கிய 'சீக்ரெட் வார்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ்த் தொடர், மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனையை ஒட்டி உருவானது. காசுக்காக எழுதப்பட்டது என்பதாலேயே ஒன்று கெட்டுப்போகும் என்றால், பரிசில் எதிர்பார்த்துப் பாடிய நம் புலவர்கள் அனைவரையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும்; ஔவை அதியமானைப் பாடிய தகடூரில், இன்றைய தருமபுரியில், உட்கார்ந்துகொண்டு அந்தக் காரியத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. செத்தவர்கள் திரும்பி வருவதும் அப்படித்தான். மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' கதையின் எட்டாம் இதழில் 1985இல் இறந்த ஃப்ளாஷ் என்ற நாயகன், 2008இல் திரும்பி வந்தான். ஜார்ஜ் பெரெஸ் வரைந்த அந்த மரணப் பக்கத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியைப் படித்தபோது. வரிசை தவறாமல் படித்து அட்டவணையில் குறித்து வந்தீர்களாம். தம்பி, ஷிப்டு முழுக்கத் தொழிற்சாலையில் உற்பத்திக் கணக்கு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தும் கணக்குத்தான் எழுதுகிறீர்களா? சலிக்காமல் என்ன செய்யும்? ஒரு கதை பல தொடர்களில் விரிகிறது என்றால் அத்தனையையும் படித்து முடித்தவனே வாசகன் என்று உங்களுக்கு யார் சொன்னது? பதிப்பாளர் சொல்வார், அது அவர் தொழில். வாசகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தன்னைத் தானே தண்டித்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதைச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் பென்னாகரம் பக்கம் ஓர் ஊரில் பாரதக் கூத்து பார்க்கப் போயிருந்தேன். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சொல்லிக்கொண்டு வருவார், இரவில் கூத்து நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லா நாளும் வந்து உட்காருகிறவர்கள் சிலரே. அர்ச்சுனன் தபசுக்கு மட்டும் வருகிறவர்கள், படுகளத்துக்கு மட்டும் வருகிறவர்கள், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் ஒரு ராத்திரி பார்த்துவிட்டுக் காலையில் பேருந்து ஏறுகிறவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். அவர்களுக்கும் அந்த இரவு முழுதாகக் கிடைக்கிறது. வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நிற்க, கட்டியக்காரன் வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன காரியம் என்று துருவிக் கேட்டு, அவர் தன் கதையைப் பாடிச் சொன்ன பிறகுதான் திரை விலகுகிறது. நேற்று வராதவனை யாரும் குற்றவாளியாக்குவதில்லை. நேற்றும் வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே.

பல தொடர்களில் பரவும் காமிக்ஸ் கதையை நான் அளக்கும் கோலும் இதுதான். மூலத்தொடரில் எத்தனை உலகங்கள் அழிந்தன என்பது எனக்குப் பொருட்டில்லை. அந்தப் பெரிய கதை தன் வீட்டு வாசலைக் கடந்து போகும்போது, ஒரு சின்னத் தொடர் தன் வாசகனுக்கு அன்றைய தினம் ஒரு முழுக் கதையைக் கொடுத்ததா இல்லையா என்பதையே பார்க்கிறேன். 'கிரைசிஸ்' நடந்தபோது பல தொடர்கள் இதைச் செய்யவில்லை. அவற்றில் வானம் சிவந்திருக்கும், யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்து வியப்பார், பிறகு வழக்கமான கதை நடக்கும். ஆனால் அட்டையில் மட்டும் பெரிய கதையின் பெயர் இருக்கும். அமெரிக்க வாசகர்கள் இன்றும் சிவந்த வானத்தைச் சொல்லிக் கேலி செய்வது அந்த இதழ்களை நினைத்துத்தான்.

இதற்கு நேர்மாறானது 1986இல் மார்வெலின் பல தொடர்களில் வந்த 'மியூட்டன்ட் மேசக்கர்' கதை. நியூயார்க்கின் அடியில் சுரங்கங்களில் ஒளிந்து வாழும் மார்லாக் என்ற மக்களைக் கொலைக் கூட்டம் ஒன்று வேட்டையாடுகிறது. எக்ஸ்-மென் குழுவும் எக்ஸ்-ஃபேக்டர் குழுவும் அவர்களைக் காப்பாற்ற அந்தச் சுரங்கங்களுக்குள்ளேயே இறங்குகின்றன, ஆனால் இரு குழுக்களும் கடைசிவரை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இரண்டு தொடரையும் படித்தவனுக்கு அந்தத் தவிப்பு கிடைக்கிறது. ஒன்றை மட்டும் படித்தவனுக்கும் கதையில் ஓட்டை எதுவும் தெரிவதில்லை.

நான் இதை எப்படிப் படித்தேன் தெரியுமா? கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழ லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போய்வந்த என் மாமா, அங்கே நடைபாதைக் கடையில் கிடைக்கும் பழைய காமிக்ஸைக் கட்டாக வாங்கி வருவார். எண்ணும் பார்க்க மாட்டார், தொடரும் பார்க்க மாட்டார். அப்படி வந்த கட்டில், வால்ட் சைமன்சன் எழுதிய 'தோர்' தொடரில் 'மியூட்டன்ட் மேசக்கர்' வந்து போகும் இதழ் ஒன்று இருந்தது. அந்தக் கதையின் வேறு ஓர் இதழும் இல்லை. முகத்துத் தழும்பை மறைக்கத் தாடி வளர்த்திருக்கும் தோர் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். சுவரில் சிறகுகளோடு சேர்த்து அறையப்பட்டுத் தொங்கும் ஏஞ்சலை மீட்கிறான். சுற்றிலும் பிணங்கள். எடுத்துப் போடவும் எரிக்கவும் ஆளில்லாத அந்த மக்களுக்குத் தன் சுத்தியலின் நெருப்பால் அவனே ஈமக்கடன் செய்கிறான். அவர்கள் யார், யார் கொன்றது, சிறகுள்ளவன் எந்தத் தொடரைச் சேர்ந்தவன் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் முகம் தெரியாதவர்களுக்குக் கொள்ளி வைக்க வந்த ஒருவனின் கதையாக அது முழுசாக எனக்குள் இறங்கியது. பல ஆண்டுகள் கழித்து மற்ற இதழ்களைப் படித்தேன். அவையும் நல்ல இதழ்களே. ஆனால் அந்த ஒரே இதழைப் படித்தபோது எனக்கு ஏதோ குறைந்திருந்தது என்று இப்போதும் தோன்றவில்லை.

இன்னோர் உதாரணம் சொல்லாமல் விட மாட்டேன். 1996இல் டிசி வெளியிட்ட 'ஃபைனல் நைட்' கதையில் சூரியன் அணைந்துபோகிறது. சூப்பர்மேன் முதலானோர் உலகைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கார்த் என்னிஸ் எழுதி ஜான் மெக்ரே வரைந்த 'ஹிட்மேன்' தொடரும் இதில் பங்கெடுக்க வேண்டியிருந்தது. நாயகன் டாமி காசுக்குக் கொலை செய்பவன். அணைந்த சூரியனை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்ய முடியும்? எட்டாம் இதழில் அவனும் கூட்டாளிகளும் தங்கள் வழக்கமான மதுக்கடையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒருமுறை தாம் சாவுக்கு மிக அருகில் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் இதழ். சூரியனை மூட்டும் வேலை மூலத்தொடரில் வேறொருவன் தலையில் இருக்கிறது. உலகம் முடியப்போகும் இரவில் சாமானியர்கள் என்ன செய்வார்கள் என்பதை இத்தனை உண்மையாகச் சொன்ன பக்கங்கள் மூலத்தொடரில் இல்லை.

உங்கள் 'சிவில் வா'ருக்கு வருகிறேன். அதன் இரண்டாம் இதழின் முடிவில் ஸ்பைடர்மேன் நிருபர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றுகிறான். அது ஓர் அதிர்ச்சி, அதிர்ச்சி மட்டும்தான். அந்த முடிவுக்கு முன்னால் அவன் மனைவியிடமும் மே அத்தையிடமும் உட்கார்ந்து பேசுவது 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 532ஆம் இதழில் இருக்கிறது. முகம் தெரிந்துவிட்டால் ஆபத்து யாரைத் தேடி வரும் என்பது அந்த வீட்டில் இருக்கிற பெண்களுக்குத் தெரியும். கதை நடப்பது அங்கேதான். அதேபோல் கேப்டன் அமெரிக்கா சுடப்படுவது மூலத்தொடரில் அல்ல, அது முடிந்தபின் 2007இல் அவனுடைய சொந்தத் தொடரின் 25ஆம் இதழில். அதை எழுதிய எட் புரூபேக்கர் அந்தச் சாவுக்கான நிலத்தைத் தன் தொடரில் முன்பே உழுது வைத்திருந்தார். வேறு ஒருவர் தொடங்கிய போரை வாங்கித் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்ட சாமர்த்தியம் அது. மற்றபடி, 2006இல் மூலத்தொடரின் நான்காம் இதழ் தாமதமானதால் அதைச் சார்ந்த பல துணை இதழ்களும் காத்துக்கிடக்க நேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். வெளியிட்டவர்களாலேயே காப்பாற்ற முடியாத வரிசையை ஓசூரில் நீங்கள் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே எந்த இதழை விடலாம் என்ற பட்டியலை நான் தரப்போவதில்லை. அது இன்னோர் அட்டவணையாகத்தான் முடியும். உங்களுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவருடைய தொடரை எடுத்துக்கொண்டு, போர் அதற்குள் வந்து போகும் இதழ்களை மட்டும் படியுங்கள். பிடித்தால் பக்கத்துத் தொடருக்குப் போங்கள். புரியாத இடம் வந்தால் வரட்டும். பள்ளிப் பருவத்தில் இரும்புக்கை மாயாவியின் எந்தக் கதை முதலில் வந்தது என்று பார்த்தா படித்தோம்?

'ஹிட்மேன்' எட்டாம் இதழ் என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன். அந்த 'தோர்' இதழை இரவல் வாங்கிப் போன நண்பர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. விடுமுறை நாளில் தருமபுரிக்குப் பேருந்து ஏறி வாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து படித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வரும்போது அந்த அட்டவணையைக் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்