தொழிற்புரட்சி காலத்துல மில் தொழிலாளிங்க வாழ்க்கை நிஜமாவே அவ்வளவு மோசமா? கிராமத்துப் பட்டினியை விட பரவாயில்லைன்னுதானே போனாங்க?

இந்தக் கேள்விக்கு ஏற்கனவே வந்த பதில்ல நிறைய பேர் கூலி கணக்கு போட்டு பேசியிருக்காங்க. இங்கிலாந்துல வயக்காட்டுக் கூலியை விட மில் கூலி கூட, அதனால போனாங்க, அவ்வளவுதான்னு. கூலி கூடங்கறது பொய் இல்ல. ஆனா நான் பன்னெண்டாவது முடிச்சுட்டு ரெண்டு வருஷம் திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல சைடு பாத்தவ, அதாவது பிரேம்னு சொல்ற நூல் நூக்கற மெஷின்ல ஒரு பக்கத்தைப் பாத்துக்கிட்டவ, ஹாஸ்டல்ல தங்கி, பகல் ஷிப்டு அரை நைட்டு முழு நைட்டுன்னு மாறி மாறி. அப்புறம் காலேஜ் சேந்து ஹிஸ்டரி எடுத்தப்போ இந்த இங்கிலாந்து மில்லு கதையெல்லாம் படிச்சேன், படிக்க படிக்க எனக்குத் தோணினது ஒண்ணுதான். அவங்ககிட்ட இருந்து முதல்ல பறிச்சது நேரம். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்துச்சு.

மில்லு வர்றதுக்கு முன்னாடி நூல் நூக்கறதும் நெய்யறதும் வீட்டுலதான். ராட்டையும் தறியும் வீட்டுக்குள்ள, புருஷன் நெய்வான், பொண்டாட்டி புள்ளைங்க நூல் நூப்பாங்க. அதுலயும் ஏழ்மை இருந்துச்சு, வியாபாரி ஏமாத்தறது இருந்துச்சு, புள்ளைங்களையும் சின்னதுலயே வேலைக்கு இழுத்தாங்க, அதை நான் மறைக்கல. ஆனா எப்ப உக்காரணும் எப்ப எந்திரிக்கணும்னு அவங்களேதான் முடிவு பண்ணாங்க. திங்கக்கிழமை பாதி பேர் தறிப்பக்கமே போக மாட்டாங்க, வாரக்கடைசில ராவெல்லாம் உக்காந்து முடிப்பாங்க. இந்தத் திங்கக்கிழமை லீவுக்கு புனிதத் திங்கள்னு பேரே வச்சிருந்தாங்க.

1771ல ரிச்சர்ட் ஆர்க்ரைட்னு ஒருத்தர் டெர்பிஷையர்ல கிராம்ஃபோர்டுங்கற ஊர்ல தண்ணி சக்கரத்துல ஓடுற நூல் மில்லு கட்டினாரு. ஆத்துத் தண்ணி ராத்திரியும்தான் ஓடுது, அப்ப மெஷின் எதுக்கு நிக்கணும், 12 மணி நேரம் ஒரு ஷிப்டு, அடுத்த 12 மணி நேரம் இன்னொரு ஷிப்டு, மணி அடிச்சா உள்ள இருக்கணும், அவ்வளவுதான். அதுல நின்னவங்கள்ல நிறைய பேர் சின்னப் புள்ளைங்க. அப்புறம் 1805 வாக்குல மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்டு மில்லுல கேஸ் விளக்கு வந்துச்சு, இருட்டிருச்சுன்னு சொல்லி வீட்டுக்குப் போற வழியும் அதோட அடைஞ்சிருச்சு.

மேக்கல்ஸ்ஃபீல்டுங்கற ஊர்ல ஒரு பட்டு மில்லுல இருந்த கடிகாரம் ஒண்ணு, 1810 வாக்குல செஞ்சது, அதோட போட்டோவை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு முகம். ஒண்ணு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண நேரம். இன்னொண்ணு மில்லு நேரம், அது மில்லோட சக்கரத்தோட சேத்து கட்டினது. ஆத்துல தண்ணி கம்மியாகி சக்கரம் மெதுவா சுத்தினா அந்த முள்ளும் மெதுவாத்தான் நகரும். வெளிய பொழுது விழுந்து ஊரு அடங்கிப் போயிருக்கும், ஆனா மில்லு நேரப்படி ஷிப்டு இன்னும் முடிஞ்சிருக்காது, முள்ளு அந்த இடத்துக்கு வர்ற வரைக்கும் நின்னுதான் ஆகணும். ஆத்துல தண்ணி இல்லாத நஷ்டத்தை தொழிலாளி தூக்கத்துல இருந்து எடுத்துக்கிட்டாங்க. இது போதாதுன்னு காலைல கடிகாரத்தை முன்ன தள்ளி வைக்கிறது, சாயங்காலம் பின்ன இழுத்து வைக்கிறதுன்னு வேற பல மில்லுல நடந்திருக்கு, தொழிலாளி சொந்தமா வாட்ச் வச்சிருக்கவே பயந்திருக்கான்.

எங்க பிரேம் ஓடுற ஹால்லயும் நான் நிக்கிற இடத்துல இருந்து கடிகாரம் தெரியாது. நாங்க டாஃப் கணக்குலதான் நேரம் பாப்போம், டாஃப்னா நூல் நிறைஞ்ச கட்டையை எடுத்துட்டு காலிக் கட்டை போடறது, இத்தனாவது டாஃப் எடுத்தாச்சுன்னா சாப்பாட்டு நேரம் கிட்ட வந்துருச்சுன்னு அர்த்தம். அதனால அந்த ரெண்டு முக கடிகாரம் எனக்கு என் உடம்புலயே தெரிஞ்ச விஷயம்.

அபராதம் பத்தி சொல்லணும். மான்செஸ்டர் பக்கம் டில்ட்ஸ்லிங்கற ஊர்ல 1823ல நூற்பாளிங்க ஸ்டிரைக் பண்ணப்போ, எதுக்கெல்லாம் அபராதம் போட்டாங்கன்னு ஒரு லிஸ்டை வெளிய விட்டாங்க. ஜன்னலைத் தொறந்து வச்சா 1 ஷில்லிங் (அப்போதைய இங்கிலாந்து காசு, 12 பென்ஸ் சேந்தா 1 ஷில்லிங்). வேலை நேரத்துல மேல் கழுவினா 1 ஷில்லிங், அழுக்கா இருந்தாலும் 1 ஷில்லிங். விசில் அடிச்சா 1 ஷில்லிங். உடம்பு சரியில்லாம வரலைன்னா பதிலுக்கு ஒரு ஆளை அவனே கொண்டு வந்து நிறுத்தணும், நிறுத்தலைன்னா மெஷினை ஓட்டற நீராவி அன்னிக்கு வீணாச்சுன்னு 6 ஷில்லிங் கட்டணும்! ஜன்னல் விஷயம் மில்லுல நின்னவங்களுக்கு உடனே புரியும், காத்து உள்ள வந்தா ஈரப்பதம் போயி இழை அறும், அதனால ஹாலை எப்பவும் புழுக்கமாவே வச்சிருப்பாங்க, அந்தப் புழுக்கத்துக்குள்ளதான் பஞ்சு தூசி பறந்துக்கிட்டே இருக்கும். ஜேம்ஸ் கேன்னு ஒரு மான்செஸ்டர் டாக்டர் 1831லயே இந்தத் தூசியால வர்ற மார்புக் கோளாறைப் பத்தி எழுதிட்டாரு. லீவு முடிஞ்சு வேலைக்கு வர்ற முதல் நாள்தான் நெஞ்சு ரொம்ப இறுக்கும், அதுதான் இந்த நோயோட அடையாளம். எங்க ஹாஸ்டல்ல கார்டிங்ல, அதாவது பஞ்சைச் சிக்கெடுத்து சீவுற இடத்துல, வேலை பாத்த அக்கா ஒருத்தங்க பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி படுக்க முடியாம சுவத்துல சாஞ்சு உக்காந்தே விடிய வச்சாங்க, ஊர்ல பனி சேந்துருச்சுன்னு அவங்களே சமாதானம் சொல்லிக்கிட்டாங்க, எங்களுக்கும் அப்ப வேற தெரியாது.

இப்ப புள்ளைங்க விஷயம். 1832ல மைக்கேல் சாட்லர்ங்கற எம்.பி. தலைமையில பார்லிமென்ட் கமிட்டி ஒண்ணு மில் தொழிலாளிங்களைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்குச்சு. அதுல லீட்ஸ் பக்கத்து சாமுவேல் கோல்சன்னு ஒரு அப்பா வந்து தன் பொண்ணுங்களைப் பத்தி சொல்றாரு. சாதாரண நாள்ல காலைல 6 மணில இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் வேலை. ஆர்டர் நெருக்கடியா இருந்த ஒரு ஆறு வாரம், விடிகாலை 3 மணிக்குப் போயி ராத்திரி 10, பத்தரைக்கு வந்திருக்காங்க. நடுவுல காலைச் சாப்பாட்டுக்கு கால் மணி, மத்தியானம் அரை மணி, சாயங்காலம் கால் மணி, அந்தக் கால் மணிலயும் மெஷினைத் துடைக்கணும். வீட்டுக்கு வந்து கொஞ்சம் சாப்பிட்டுப் படுக்க 11 ஆயிரும், 2 மணிக்கு உலுக்கி எழுப்பணும், அசந்து தூங்கிட்டா நேரத்துக்கு அனுப்ப முடியாதேன்னு அம்மாக்காரி சில ராத்திரி படுக்காமலே முழிச்சிருப்பா. சோத்தை வாயில வச்சபடியே புள்ளைங்க தூங்கிப் போயிரும், உலுக்கி உலுக்கி ஊட்டணும், நாங்க அழுதிருக்கோம்னு அந்த அப்பா சொல்றாரு. சம்பளம் சாதாரண வாரத்துல ஒரு பொண்ணுக்கு 3 ஷில்லிங், இந்த நெருக்கடி வாரத்துல 3 ஷில்லிங் ஏழரை பென்ஸ். கணக்கு போட்டுப் பாருங்க, தினம் நாலரை மணி நேரம் கூட, வாரத்துக்கு 27 மணி நேரம், அதுக்கு ஏழரை பென்ஸ். மூத்த பொண்ணோட ஆள்காட்டி விரல் பல்சக்கரத்துல மாட்டி முட்டிக்குக் கீழ போயிருச்சு, அஞ்சு வாரம் ஆஸ்பத்திரில கிடந்தா. அப்ப சம்பளம் கொடுத்தாங்களான்னு கமிட்டில கேக்கறாங்க. விபத்து நடந்த உடனே சம்பளத்தை மொத்தமா நிறுத்திட்டாங்கன்னு பதில் சொல்றாரு.

இதை ஹாஸ்டல்ல இருந்த காலத்துல படிச்சிருந்தா நான் தாங்கியிருப்பேனான்னு தெரியல.

வீட்டைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மான்செஸ்டர்ல ஜனம் நாலு மடங்கு பெருகுச்சு, தெரு பெருகல, சாக்கடை வரல. முதுகோட முதுகு ஒட்டின வீடு, பின்பக்கம் ஜன்னலே இருக்காது, அதுக்கும் கீழ நிலவறைல குடும்பங்க. பார்லிமென்ட் தெருன்னு ஒரு தெருவுல 380 பேருக்கு ஒரே ஒரு கக்கூஸ். 1832ல காலரா வந்தப்போ இந்தத் தெருக்களுக்குள்ளதான் வந்துச்சு. 1842ல எட்வின் சாட்விக்ங்கற அதிகாரி தொழிலாளிங்க சுகாதாரத்தைப் பத்திக் கொடுத்த ரிப்போர்ட்ல, மான்செஸ்டர் தொழிலாளி குடும்பத்துல சாவோட சராசரி வயசு 17, ரட்லண்டுங்கற கிராமப்புற மாவட்டத்துல கூலிக்காரங்களுக்கு 38. பாதிக்கு மேல புள்ளைங்க அஞ்சு வயசுக்குள்ள செத்ததாலதான் சராசரி அப்படி 17க்கு இறங்குச்சு. கிராமத்துல பட்டினி, டவுன்ல பரவாயில்லைன்னு சொல்றவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

விரும்பித்தானே போனாங்கங்கறதுக்கு வர்றேன். முதல் தலைமுறை மில்லுப் புள்ளைங்கள்ல நிறைய பேர் லண்டன் மாதிரி ஊர்கள்ல இருந்த அநாதை விடுதி, ஏழை விடுதில இருந்து ஒப்பந்தம் எழுதி அனுப்பப்பட்டவங்க, அவங்களை யாரும் கேக்கல. ஸ்டையல்ங்கற ஊர்ல குவாரி பேங்க் மில்லுல இருந்து 1806ல ஜோசஃப் செஃப்டன், தாமஸ் பிரீஸ்ட்லின்னு ரெண்டு பசங்க தப்பிச்சு லண்டனுக்கே நடந்து போயிட்டாங்க, சின்னவனுக்கு வயசு 13. மாஜிஸ்திரேட் முன்னாடி அவங்க சொன்னதுல ஒரு வரி, காலைச் சாப்பாட்டுக்கு பத்து நிமிஷம் விடுவாங்க, அதையும் ராத்திரி சேத்து உழைச்சு கழிக்கணும்னு. முதலாளி அடிச்சாருன்னு எல்லாம் அவங்க சொல்லல, அந்த மில்லு அன்னிக்கு நல்ல மில்லுன்னு பேர் எடுத்தது. பிரீஸ்ட்லிக்கு மெஷின்ல விரல் போயிருந்துச்சு, அம்மாவைப் பாக்கணும்னு இருந்துச்சு, கிளம்பிட்டான். திரும்பவும் மில்லுக்கே அனுப்பிட்டாங்க.

சட்டம் ரொம்ப மெதுவா வந்துச்சு. 1833 சட்டம் 9 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லி நாலு இன்ஸ்பெக்டரைப் போட்டுச்சு, மொத்த நாட்டுக்கும் நாலே பேர். 1837ல நாசாவ் சீனியர்னு ஒரு பொருளாதார நிபுணர், மில்லோட லாபம் முழுக்க கடைசி ஒரு மணி நேரத்துலதான் வருது, அதைக் குறைச்சா தொழிலே போச்சுன்னு எழுதினாரு. 1844 சட்டத்துலதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது, வேலை நேரத்தை எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கற பொதுக் கடிகாரத்தை வச்சுத்தான் கணக்கு பண்ணணும்னு எழுதியே வச்சாங்க. பொம்பளைங்களுக்கும் 18க்குக் கீழ இருக்கறவங்களுக்கும் 10 மணி நேரம்னு 1847ல சட்டம் வந்துச்சு, அதைக் கொண்டு வந்த ஜான் ஃபீல்டன் சின்ன வயசுல தன் அப்பா மில்லுலயே வேலை பாத்து வளந்த மில் முதலாளி. சட்டம் வந்தும் ஆளை மாத்தி மாத்தி விட்டு மெஷினை நாள் முழுக்க முதலாளிங்க ஓட்டிப் பாத்தாங்க, அதனால 1850ல காலைல 6ல இருந்து சாயங்காலம் 6க்குள்ள, சாப்பாட்டு நேரமும் அதுலயே சேத்தி, சனிக்கிழமை மத்தியானம் 2 மணியோட முடிக்கணும்னு கட்டி வச்சாங்க, அதுக்கு விலையா மத்த நாள்ல தினம் அரை மணி நேரம் கூட்டிக்கிட்டாங்க. மில்லுங்க ஒண்ணும் மூடிப் போகல.

இந்தச் சட்டம் எதுலயும் வயசுக்கு வந்த ஆம்பளைக்குன்னு ஒரு வார்த்தை கூட இல்ல, அவங்க எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம். ஆனா பொம்பளைங்களும் புள்ளைங்களும் வெளிய போயிட்டா அறுந்த இழையை ஒட்டறதுக்கு ஆள் ஏது? ஒரு சைடுல நாலு இழை சேந்தாப்புல அறுந்தாலே எங்களுக்கு கை ஓடாது, ஹால் முழுக்க ஆள் இல்லைன்னா இஞ்சினை நிறுத்தறதைத் தவிர வேற வழி கிடையாது. அப்படித்தான் சனிக்கிழமை 2 மணிக்கு ஆம்பளைங்களும் அவங்க பின்னாடியே வீட்டுக்கு நடந்தாங்க. பிரேம் எல்லாம் ஒண்ணா நின்னா காதுக்குள்ள அந்த இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், பக்கத்துல நிக்கறவ பேசறது கேக்காது, அதுவரைக்கும் கை ஜாடையும் வாய் அசைவும்தான்.