டெக்னிக்கல் ரைட்டர்கள் தாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பயனர் மாநாட்டுக்குப் போவதால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் தன் கம்பெனியில் தான் ஒருவரே டெக்னிக்கல் ரைட்டர், அதாவது கையேடும் உதவிப் பக்கமும் எழுதுகிறவர் என்கிறார். மாநாட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டால், "செஷன் எல்லாம் பிறகு வீடியோவாக வந்துவிடுமே, நேரில் எதற்கு?" என்கிறாராம் மேனேஜர். கம்பெனி அனுப்பாவிட்டால் சொந்தக் காசில் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த ப்ராஜெக்ட்டை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெறும் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதானால் உங்கள் மேனேஜர் சொல்வது பாதி சரிதான்.

நான் சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். கொரோனாவுக்கு முன்பு ஒரு முறை, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்த மேட்வேர்ல்ட் மாநாட்டுக்கு எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. மேட்கேப் ஃபிளேர் பயன்படுத்துகிறவர்களுக்காக, அதைத் தயாரிக்கும் மேட்கேப் நிறுவனமே 2013 முதல் நடத்திவரும் மாநாடு அது. ஃபிளேர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஒரு விஷயத்தை ஒரே ஒரு முறை எழுதி வைத்துவிட்டு, அதிலிருந்தே ஒரு வாடிக்கையாளருக்கு பிடிஎஃப் கையேடு, இன்னொருவருக்கு இணைய உதவிப் பக்கம், நம் சப்போர்ட் குழுவுக்குத் தனிப் பிரதி என்று பிரித்து எடுக்கலாம். எந்தப் பத்தி யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கண்டிஷன் டேக் போட்டுக் குறித்து வைப்போம். கையேடு எடுக்கும்போது இந்த டேக்கைச் சேர், அந்த டேக்கை நீக்கு என்று டார்கெட்டில், அதாவது அந்தப் பிரதிக்கான அமைப்பில் சொல்வோம். என் கதை முழுக்க இந்த டேக்கைப் பற்றியதுதான்.

மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஸ்க்ரீன்ஷாட் ஒன்று வந்தது. நாங்கள் அனுப்பிய பிடிஎஃப் கையேட்டின் நடுவில் மஞ்சள் கட்டம். அதில், "இந்தப் பிரச்சினை அடுத்த ரிலீஸில்தான் சரியாகும். வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் சொல்லவும்" என்று இருந்தது. எங்கள் சப்போர்ட் குழுவுக்காக நான் எழுதியது. அந்தக் கட்டத்துக்கு 'உள்' என்ற டேக் போட்டிருந்தேன். வெளியே போகும் டார்கெட்டில் 'உள்' டேக்கை நீக்கச் சொல்லியும் இருந்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் பில்ட் செய்தால், அதாவது பிடிஎஃப்பை உருவாக்கினால், கட்டம் வந்து நின்றது. மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டிய நிலை. எழுத என்னிடம் விளக்கமே இல்லை.

கடைசியில் அந்த ஒரு கட்டத்தைக் கையால் எடுத்துவிட்டு வேறு பிரதி அனுப்பினோம். அதன்பின் ஒவ்வொரு ரிலீஸுக்கும் அறுநூறு பக்க பிடிஎஃப்பை முதலிலிருந்து கடைசி வரை கண்ணால் படிப்பேன். இரண்டு நாள் அதற்கே போய்விடும். அப்படிப் படித்தும், எங்கேயோ இன்னொரு கட்டம் ஒளிந்திருக்கும் என்ற பயம் போகவில்லை.

சான் டியேகோவில் இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு. அங்கே பன்னிரண்டரை என்றால் சென்னையில் நள்ளிரவு ஒரு மணி. எனக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. வட்ட மேசையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மருத்துவக் கருவிகளுக்குக் கையேடு எழுதுகிறவர். "எதைச் சரிசெய்ய வந்திருக்கிறீர்கள்?" என்றுதான் பேச்சையே தொடங்கினார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

முழுக் கதையையும் சொல்ல விடவில்லை அவர். "அந்தக் கட்டத்தில் எத்தனை டேக் இருக்கிறது?" என்றார். பார்த்தேன். இரண்டு. 'உள்' ஒன்று, 'நிர்வாகி' ஒன்று.

"டார்கெட்டில் நிர்வாகிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?"

"சேர்."

"உள்ளுக்கு?"

"நீக்கு."

மாநாட்டு நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் காட்டினார். ஒரே இடத்தில் இரண்டு டேக் இருந்து, ஒன்றைச் சேர் என்றும் மற்றதை நீக்கு என்றும் சொன்னால், ஃபிளேரில் சேர் என்பதுதான் ஜெயிக்கும். சந்தேகம் என்று வந்துவிட்டால் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வது அதன் கணக்கு. நான் இத்தனை நாளும் நீக்கு என்பதுதான் பெரியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதோடு விடாமல் வழியையும் காட்டினார். கட்டத்தைச் சுற்றி வெளியே ஓர் உறை போட்டு 'உள்' டேக்கை அந்த உறைக்குக் கொடுங்கள், 'நிர்வாகி' உள்ளே இருக்கும் பத்தியிலேயே இருக்கட்டும் என்றார். உறையை நீக்கினால் உள்ளே இருப்பது எல்லாம் அதோடு போய்விடும், அப்புறம் எது ஜெயிக்கும் என்ற கேள்வியே வராது. அங்கேயே மாற்றி, பில்ட் செய்து பார்த்தோம். மஞ்சள் கட்டம் காணோம். மொத்தமாக நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இந்த விதி ஃபிளேரின் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. நான் அதைத் தேடவே இல்லை. ஏனென்றால் டேக்குக்கும் டேக்குக்கும் சண்டை வரும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. "நீக்கிய பத்தி பிடிஎஃப்பில் வருகிறது" என்றே தேடிக்கொண்டிருந்தேன். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்கு வீடியோவே போதும். அது தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கும்போது, நம் ப்ராஜெக்ட்டைப் பார்த்து "எத்தனை டேக்?" என்று கேட்க எதிரில் ஓர் ஆள் வேண்டும். உங்கள் மேனேஜருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அன்று இரவு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மற்ற இடங்களைத் தேடினேன். ஃபிளேரில் ஒவ்வொரு டாபிக்கும், அதாவது நாம் எழுதும் ஒவ்வொரு பக்கமும், ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, வெறும் எழுத்தாகத் திறந்து படிக்கக்கூடியது, அவ்வளவுதான். சாதாரண எடிட்டரில் திறந்து, ஒரே வரியில் 'உள்' டேக்கோடு வேறு டேக்கும் சேர்ந்து வருகிற இடங்களைத் தேடலாம். முப்பத்தேழு இடம் அகப்பட்டது. அங்கே இரவு ஒன்பது என்றால் சென்னையில் மறுநாள் காலை ஒன்பதரை, என் குழுவில் இருந்த பெண் அப்போதுதான் ஆபீஸுக்குள் நுழைந்திருந்தாள். பட்டியலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து செய்தி: "அக்கா, என் பக்கம் முடிஞ்சுது. ஆனா இதில் ஒன்பது இடம் போன ரிலீஸிலேயே வெளியே போயிருக்கு." நல்லவேளை, அவற்றில் யாரையும் சங்கடப்படுத்தும் விஷயம் இல்லை. அறுநூறு பக்கத்தைக் கண்ணால் படித்தும் அந்த ஒன்பதை நான் விட்டிருக்கிறேன் என்பது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அது புரிய அந்த ஊரின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். உதவிக் கோப்பு எழுதும் கருவிகளுக்கு சான் டியேகோ ஒரு வகையில் தாய்வீடு. 1992 இல் ரோபோஹெல்ப் என்ற அப்படிப்பட்ட கருவியை வெளியிட்ட ப்ளூ ஸ்கை சாஃப்ட்வேர், அந்நகரின் லா ஹோயா பகுதியில் இருந்த நிறுவனம். பிறகு அது இ-ஹெல்ப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003 இல் மேக்ரோமீடியா அதை வாங்கியது, 2005 இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. இ-ஹெல்ப்பில் இருந்த சிலர் சேர்ந்து அதே 2005 இல் அதே ஊரில் தொடங்கியதுதான் மேட்கேப். ரோபோஹெல்ப் இன்றும் அடோபியிடம் இருக்கிறது, விற்பனையிலும் இருக்கிறது. ஆனால் கருவி கை மாறிய அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில், தாங்கள் எழுதி வைத்த ஆயிரக்கணக்கான பக்கங்களின் கதி என்ன ஆகுமோ என்று கலங்கிப்போனவர்களில் அவரும் ஒருவர்.

"எந்தக் கருவியை எடுத்தாலும், அந்தக் கருவி இல்லாமல் என் எழுத்தைத் திறக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்" என்றார். அன்றிரவு சாதாரண எடிட்டரில் முப்பத்தேழு இடங்களைத் தேடும்போது அவர் சொன்னதன் அருமை எனக்கு உறைத்தது. இன்று யாராவது புதுக் கருவி விற்க வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எந்தச் செஷன் தலைப்பிலும் இதைப் பார்த்ததாக நினைவில்லை.

செஷன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய பதிப்பில் என்னென்ன வருகிறது என்று நிறுவனத்தார் காட்டுவது நன்றாகவே இருக்கும், ஆனால் அதைப் பிறகு வீட்டில் உட்கார்ந்தும் பார்க்கலாம். உங்களைப் போலவே கையேடு எழுதிப் பிழைக்கும் ஒருவர் மேடையேறி "எங்கள் குழுவில் இது இப்படி உடைந்தது, இப்படிச் சரிசெய்தோம்" என்று சொல்லும் செஷனைத் தேடிப் போங்கள். முடிந்ததும் அவரைப் பிடித்துப் பேசுங்கள். சப்போர்ட் ஆட்கள் கையில் அகப்பட்டால் அவர்களிடமும் உங்கள் ப்ராஜெக்ட்டைத் திறந்து காட்டுங்கள். டிக்கெட்டில் பத்து முறை எழுதியும் புரியவைக்க முடியாத ஒன்றை, நான் மவுஸை நகர்த்திக் காட்டியவுடனே அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது? என் முதல் கடிதம் நிராகரிக்கப்பட்டது. "கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு" என்று எழுதியிருந்தேன். அதை வைத்து யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். இரண்டாவது கடிதத்தில் மூன்று பிரச்சினைகளை எழுதினேன். முதலாவது, டேக் குழப்பத்தால் ரிலீஸுக்கு இரண்டு நாள் வீணாகிறது, வருடத்தில் ஆறு ரிலீஸ், ஆக பன்னிரண்டு நாள். மற்ற இரண்டுக்கும் இதேபோல் கணக்குக் காட்டினேன். திரும்பி வந்த பத்து நாளுக்குள் குழுவுக்கு வகுப்பு எடுப்பேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அனுமதி கிடைத்தது. விசாவுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் டெக்னிக்கல் ரைட்டர் என்றால் என்ன வேலை என்று என்னிடம் கேட்டார்கள். "மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் இருக்குமே, மென்பொருளுக்கு அதுபோல எழுதுகிறேன்" என்றேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

சொந்தக் காசில் அமெரிக்கா போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். விமானம், ஹோட்டல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் பலருக்குச் சில மாதச் சம்பளம். அருகிலேயே தேடுங்கள். பெங்களூரில் டெக்னிக்கல் ரைட்டர்களுக்கான டிசிவேர்ல்ட் இந்தியா மாநாடு பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. 2013 இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் தொடங்கிய ரைட் தி டாக்ஸ் மாநாடு எந்தக் கருவியையும் சாராதது; அதன் உரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன, உறுப்பினர்கள் ஸ்லாக்கில் நாள் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். எழுபது ஆண்டுக்கு மேல் இருந்த, டெக்னிக்கல் ரைட்டர்களுக்கான எஸ்டிசி சங்கம் 2025 ஜனவரியில் மூடப்பட்டது எனக்கு உண்மையிலேயே துக்கமான செய்தி. அதன் இந்தியக் கிளை நடத்திய கூட்டத்தில்தான், என்னைப் போலவே கையேடு எழுதும் இன்னொரு ஆளை முதன்முதலில் பார்த்தேன். ஆபீஸில் நீங்கள் ஒருவர்தான் என்றால், இப்படி நாலு பேர் கூடும் இடம் எதுவாக இருந்தாலும் விடாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். கம்பெனி ப்ராஜெக்ட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வெளியாட்களிடம் திறக்கக் கூடாது. முதலில் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு பிரச்சினை இருக்கும் இருபது முப்பது டாபிக்கை மட்டும் தனிப் பிரதியாக எடுத்து, வாடிக்கையாளர் பெயர், சர்வர் முகவரி, ஸ்க்ரீன்ஷாட்களில் தெரியும் ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டேக், ஸ்டைல்ஷீட் (பக்கத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் கோப்பு), டார்கெட் அமைப்பு மூன்றையும் தொடாதீர்கள், பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனக்கு வாடிக்கையாளர் பெயர்கள் வேரியபிளில், அதாவது ஒரே இடத்தில் எழுதி எல்லாப் பக்கத்திலும் பயன்படுத்தும் சொல்லாக இருந்ததால் ஒரே இடத்தில் மாற்றினால் போதுமாக இருந்தது. ஸ்க்ரீன்ஷாட்களுக்குத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது, அதனால் அந்த வேலையை விமானம் ஏறும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.