போன ஈற்றில் படுத்த மாட்டுக்கு இப்போதே கால்சியம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பு மாட்டுக்கு எட்டு மாதச் சினை, இது நாலாவது ஈற்று. போன தடவை கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. டாக்டர் வந்து கால்சியம் ஏற்றிய பிறகுதான் எழுந்தது. இந்தத் தடவை இப்போதிருந்தே கால்சியம் டானிக் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். போன தடவை வந்தது பால் சுரம், அதாவது ஈன்றதும் இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய். அது வராமல் இருக்கத்தான் ஊற்றச் சொல்கிறார்கள், ஆனால் அதுவே பால் சுரத்தை வரவழைத்துவிடக்கூடும்.

மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடும் கால்சியம் சுமார் 3 கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலிலோ 2 கிராமுக்கு மேல் இருக்கிறது. பத்து லிட்டர் சுரந்தால் 20 கிராமுக்கு மேல் போய்விடும். அவ்வளவையும் எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனே எடுத்தாக வேண்டும். அதை ஏவுவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. கடைசி வாரங்களில் கால்சியம் தாராளமாகக் கிடைத்தால் அந்தச் சுரப்பி வேலையில்லாமல் கிடக்கும். கன்று விழுந்த பிறகு அது முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், அதற்குள் மாடு படுத்துவிடும். ஈற்று கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். ஜெர்சியில் இன்னும் அதிகம்.

அதனால் ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் வேலிமசால், குதிரைமசால், அகத்தி, சூபாபுல் எதுவும் போடாதீர்கள். கால்சியம் கூடிய வழக்கமான தாது உப்புக் கலவையையும் அந்த நாட்களில் நிறுத்துங்கள். அதற்குப் பதில் சினை மாட்டுக்கென்றே வரும் அனயானிக் உப்பை (எலும்பிலிருந்து கால்சியம் எளிதில் வர உதவும் உப்பு) உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். கசக்கும், தவிட்டில் பிசைந்து வைத்தால் தின்றுவிடும். கோ-4 புல் பச்சையாக இருக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். தொழுவக் கழிவுநீர் பாயும் புல்லில் பொட்டாசியம் ஏறியிருக்கும், அது எலும்பிலிருந்து கால்சியம் வருவதைக் கெடுக்கும். புல்லைப் பாதியாக்கிச் சோளத்தட்டு போடுங்கள்.

அடர்தீவனம் வேறு கணக்கு. அதை இந்த மூன்று வாரத்தில்தான் தொடங்க வேண்டும். தினம் 1 கிலோவில் ஆரம்பித்து, ஈனும்போது 2.5 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். வயிற்று நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் தேவை. மடி ரொம்ப வீங்கினால் தீவனத்தில் போடும் சாதாரண சமையல் உப்பைக் குறையுங்கள். ஈன்ற பிறகு, பால் நிறைய வருகிறதே என்று ஒரேயடியாக ஏற்றினால் வயிறு புளித்துத் தீனி எடுக்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை கிலோ கூட்டினால் போதும். தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சரி, கால்சியம் எப்போது? கன்று விழுந்ததும். கால்சியம் ஜெல் ஒரு டோஸ், 12 மணி நேரம் கழித்து இன்னொன்று. மாடு நின்றுகொண்டு தானாக விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். கன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கக் கொடுத்துவிடுங்கள். ஆனால் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம்.

அப்புறம் அந்த முதல் மூன்று இரவுகள். படுக்கப் போகும்போதும் விடியுமுன்னும் தொழுவத்துக்குப் போய்க் காதைக் கையால் பிடித்துப் பாருங்கள். காது சில்லென்று இருக்கிறதா, மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா, பின்னங்கால் தள்ளாடுகிறதா, சாணி போடாமல் நிற்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள். கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துப் படுத்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் வரும்வரை மாட்டை நெஞ்சில் ஊன்றி உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை அணையாகக் கொடுங்கள்.