தொரப்பள்ளி எந்த மாவட்டம்? மூன்று புத்தகம், மூன்று விடை

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 'ராஜாஜி பிறந்த மாவட்டம் எது?' என்பதற்கு ஒரு கைடில் சேலம், இன்னொரு கைடில் தருமபுரி, செல்போன் ஆப்பில் கிருஷ்ணகிரி என்று இருக்கிறது. எதை ஷேட் செய்வது? பாரமகால், மன்றோ, பர்மா பிரிந்தது, கவர்னர் ஜெனரல் வரிசை எல்லாவற்றிலும் இதே குழப்பம். தருமபுரியில் ஒருவர் 'நிச்சயம் வரும் 300 வினா' என்று ஒரு கட்டு வைத்திருக்கிறார். 2,500 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? – ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தொரப்பள்ளி.

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில். அன்றைக்கு அந்த ஊர் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரோடு சேர்ந்து தொரப்பள்ளியும் தருமபுரிக்குப் போனது. 2004 பிப்ரவரி 9-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. தொரப்பள்ளி கிருஷ்ணகிரிக்கு வந்தது. ஆக, உங்கள் கைடுகள் மூன்றும் ஏதோ ஒரு காலத்துக்குச் சரிதான். ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சடிப்பவர்களுக்கு மாவட்டத்தின் பெயர் மட்டும் கண்ணில் படுகிறது, ஆண்டு படுவதில்லை. அதுதான் கோளாறு.

தேர்வு அறையில் இதைப் பார்க்கும் முறை எளிது. கேள்வி ஓர் ஊரைப் பற்றியதா, அரசாங்கம் ஒரு மாவட்டத்தில் செய்த காரியத்தைப் பற்றியதா என்று முதலில் பிரியுங்கள். ஊர் என்றால் இன்றைய மாவட்டம். அரசாணை, சட்டம், வரி, ஒப்பந்தம் என்றால் அன்றைய மாவட்டம். கேள்வியிலேயே 'அப்போதைய', 'தற்போதைய' என்று இருந்தால் அது சொல்கிறபடி.

ராஜாஜியை வைத்தே இரண்டையும் பார்க்கலாம். பிறந்த ஊர் தொரப்பள்ளி. விடைகளில் கிருஷ்ணகிரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை ஷேட் செய்யுங்கள். கிருஷ்ணகிரி இல்லாமல் தருமபுரி இருந்தால், கேள்வி 2004-க்கு முந்தைய புத்தகத்திலிருந்து எடுத்தது, தருமபுரி. இரண்டுமே இல்லையென்றால் சேலம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆனால் 'சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் எந்த மாவட்டத்தில் கொண்டுவரப்பட்டது?' என்றால் விடை சேலம், சேலம் மட்டும்தான். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியபோது பாலக்கோடும் ஓசூரும் சேலத்துக்குள்தான் இருந்தன. மாவட்டம் பிரிந்துவிட்டதே என்று அதைத் தருமபுரி என்று திருத்தக் கூடாது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள்.

சுப்பிரமணிய சிவாவுக்கும் இதே வழிதான். பிறந்தது வத்தலக்குண்டு, இன்றைக்குத் திண்டுக்கல் மாவட்டம். 1925 ஜூலை 23-ல் காலமானது பாப்பாரப்பட்டியில். அது அன்றைய சேலம், இன்றைய தருமபுரி. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர், இதைத் தவறவிடாதீர்கள்.

அடுத்து பாரமகால், அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரத்தின் பழைய பெயர். 1792 மார்ச் 18, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தான் பாரமகால், சேலம், திண்டுக்கல், மலபார் ஆகியவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இதுவரை எல்லாக் கைடிலும் சரியாகவே இருக்கும். பிறகு 'கிருஷ்ணகிரி மாவட்டம் 1792-ல் ஆங்கிலேயர் வசமானது' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அது பாதிதான் சரி. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள், ஏனென்றால் பயிற்சி மையங்களில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

பழைய சேலம் மாவட்டத்தை மூன்று துண்டாகப் பார்க்க வேண்டும். தெற்கே சேலத்துச் சமவெளி, அது தாலகாட். நடுவே பாரமகால்: தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம். வடமேற்கே மலைக்கு மேலே மைசூர்ப் பீடபூமியோடு ஒட்டிய ஓசூர்ப் பகுதி, அது பாலாகாட். 1792-ல் கைமாறியவை முதல் இரண்டும்தான். ஓசூர்ப் பகுதி திப்புவின் கையிலேயே இருந்தது. நான்காம் மைசூர்ப் போரில் 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகுதான் அது கம்பெனிக்கு வந்தது. அந்தப் போருக்கு ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டு இராயக்கோட்டைப் பக்கமாக வந்து, அங்கிருந்துதான் 1799 மார்ச்சில் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. எல்லை எங்கே ஓடியது என்று இப்போது உங்களுக்கே புரியும். கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைக்கு 1792. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்கு 1799. ஒரே மாவட்டம், ஏழு வருட இடைவெளி. ராஜாஜியின் தொரப்பள்ளியும் இந்த 1799 கணக்கில்தான் வரும்.

இன்னொன்று. கிருஷ்ணகிரிக் கோட்டையை ஆங்கிலேயர் போரிட்டுப் பிடித்ததாகச் சில வினாத் தொகுப்புகளில் இருக்கிறது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் தாக்கினார்கள். மலை ஏற முடியாமல் திரும்பினார்கள். கோட்டை கிடைத்தது உடன்படிக்கையால். 1791 ஜூலையில் சண்டையிட்டுப் பிடித்தது இராயக்கோட்டையை. போகிற போக்கில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1767-ல் முதல் மைசூர்ப் போரில் ஹைதர் அலி பிடித்த காவேரிப்பட்டணம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிற நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர். சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி விளக்கம் எழுதிய பிடிஎஃப் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மன்றோ விஷயத்தில் பதவியைக் கவனியுங்கள். 1792-ல் பாரமகாலுக்கும் சேலத்துக்கும் பொறுப்பாக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர்களில் ஒருவர். 1799 வரை அப்படித்தான். ஆகவே 'பாரமகாலின் முதல் கலெக்டர்' என்று கேட்டால் ரீடு. 'ரயத்துவாரி முறையை (உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் முறை) அறிமுகப்படுத்தியவர்' என்று வெறுமனே கேட்டால் மன்றோ, ஆண்டு 1820. 'முதலில் சோதித்துப் பார்த்தவர்' என்றால் ரீடு. இருவர் பெயரும் சேர்ந்த விடை இருந்தால் அதுதான். 1800-ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கு மன்றோ பொறுப்பேற்றது தனிக் கதை. அதைப் பாரமகாலோடு கலக்காதீர்கள், அதைக் கொடுத்தது நிஜாம், இதைக் கொடுத்தது திப்பு. மன்றோ சென்னை ஆளுநராக இருந்தது 1820 முதல் 1827 வரை. அந்தப் பதவியில் இருக்கும்போதே 1827 ஜூலை 6-ல் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார்.

கவர்னர் ஜெனரல் வரிசையில் கேள்வி எடுப்பவர்களும் சறுக்குகிறார்கள், படிப்பவர்களும் சறுக்குகிறார்கள். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங், 1833 பட்டயச் சட்டப்படி. முதல் வைஸ்ராய் கானிங், 1858. கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரலும் அவரே. ராஜாஜி 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரல்: கடைசியானவர், அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர். 'இந்தியாவின் கடைசி வைஸ்ராய் ராஜாஜி' என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒன் லைனரை அழித்துவிடுங்கள். அந்தப் பட்டம் 1947 ஆகஸ்ட் 15-லேயே முடிந்துவிட்டது. அதேபோல அவர் 1937-ல் ஏற்றது சென்னை மாகாணப் பிரதமர் பதவி; முதலமைச்சர் ஆனது 1952 ஏப்ரலில். குடியரசு நாளன்று சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் குமாரசாமி ராஜா.

சாம்ராஜ்யத்தின் எல்லை பற்றி இந்த அளவு போதும். ஏடனும் பர்மாவும் 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்தவை. அன்றுதான் இரண்டும் பிரிந்தன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ். இலங்கை 1802 முதல் தனி அரச காலனி; நாலு பெயரைக் கொடுத்து '1900-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லாதது எது?' என்றால் பெரும்பாலும் அதுதான் விடை. தரங்கம்பாடியை டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றது 1845. புதுச்சேரிக்கு இரண்டு தேதி: நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. கோவா 1961 டிசம்பர். இதற்கு மேல் மனப்பாடம் செய்வது நேர விரயம்.

இப்போது அந்த 2,500 ரூபாய்.

குரூப் 4-ல் மொத்தம் 200 வினா. அதில் 100 தமிழ், 25 திறனறிவு. மீதி 75-க்குள் அறிவியல், புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், வரலாறு, நடப்பு நிகழ்வு எல்லாம் வந்தாக வேண்டும். நீங்கள் கேட்டிருக்கிற மாதிரிக் கேள்வி இரண்டோ மூன்றோ வரலாம், வராமலும் போகலாம். 'நிச்சயம்' என்று சொல்கிறவர் கையில் இருப்பது பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ். அந்தப் பழைய வினாத்தாள்களைத் தேர்வாணையமே தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 6 முதல் 12 வரையிலான பள்ளிப் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. வாங்கும் கட்டில் விடை தப்பாக இருந்தால் அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது.

அடுத்த கட்டமாக அவர் 'வினாத்தாளே கிடைக்கும், முன்பணம் கொடுங்கள்' என்பார். இதே பேர்வழிகள் இரண்டு தொழிலும் செய்வார்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு நினைவிருக்கும். எழுதிய சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடையைக் குறிக்கச் சொல்லி, பிறகு வேறொருவர் சரியான விடையை ஷேட் செய்தார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. பணமும் போய், இனி எந்தக் காலத்திலும் எழுத முடியாத நிலை. தரகர் கேட்டால் மரியாதைக்குக்கூட மறுவார்த்தை பேசாதீர்கள். உங்கள் பதிவு எண், ஹால் டிக்கெட் நகல், செல்போனுக்கு வரும் ஓடிபி எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், டெஸ்ட் பேட்ச் சேர்க்கை என்று கேட்டாலும் சரி.

குழப்பமான கேள்வி வந்தே விட்டால் செய்ய வேண்டியது இது. நெகட்டிவ் மார்க் கிடையாது. அதனால் 'விடை தெரியவில்லை' என்கிற ஐந்தாவது வட்டத்துக்குப் போகாமல், மேலே சொன்ன வரிசைப்படி ஒன்றைக் கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் ஷேட் செய்யுங்கள். தேர்வு முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஏழு நாள்தான் அவகாசம். ஆட்சேபணையை இணையதளத்தில் அதற்கென்று உள்ள பகுதியில் மட்டுமே பதிய வேண்டும். தபாலும் மின்னஞ்சலும் எடுபடாது. கைடையும் பயிற்சி மைய நோட்டையும் சான்றாகக் கொடுத்தால் பயன் இல்லை. பாடநூல், அரசு வெளியீடு, மாவட்ட விவரச் சுவடி (கெசட்டியர்) இவற்றின் பக்கத்தை வைக்க வேண்டும். தொரப்பள்ளி மாதிரிக் கேள்விக்கு, மாவட்டம் பிரிந்த தேதி இருக்கிற பக்கத்தையும் சேர்த்து வையுங்கள், வெறும் பிறந்த ஊர் பக்கம் மட்டும் போதாது.

இறுதி விடைக்குறிப்பு வருவது தேர்வு நடைமுறை முழுதும் முடிந்த பிறகுதான். அதுவரை நீங்கள் போட்ட ஆட்சேபணை ஏற்கப்பட்டதா என்றே தெரியாது. ஒரு மதிப்பெண்ணில் தரவரிசை ஆயிரக்கணக்கில் இறங்கும் தேர்வில், 'தற்போதைய' என்கிற ஒரு சொல்லைக் கேள்வியில் சேர்ப்பதற்கு எடுப்பவருக்கு நேரம் இல்லை. அந்தச் சொல் இல்லாததற்கு ஏழு நாளுக்குள் ஆதாரம் தேடி ஓட வேண்டியது பாலக்கோட்டில் இருக்கிற நீங்கள். அதனால் அந்தப் பக்கங்களை இப்போதே செல்போனில் படம் எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள்: ராஜாஜி, சிவா, பாரமகால், ரயத்துவாரி, மதுவிலக்கு, 1965, 2004. அட்டையும் பதிப்பு ஆண்டு உள்ள பக்கமும் சேர்ந்து இருக்க வேண்டும்.