ரிஸ்பாள் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: பேத்திக்கு ரிஸ்பாள் என்று பெயர் வைக்க என் மருமகள் ஆசைப்படுகிறாள். "சவுலின் வைப்பாட்டி பெயரையா வைப்பது?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்? வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள். எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்குக் கல் பாவிய தளம், நெருப்புத் தணல் என்று இரண்டு பொருள் உண்டு. ஏசாயா தீர்க்கதரிசியின் உதட்டைத் தொடுவதற்காகச் சேராபீன் என்ற தூதன் பலிபீடத்திலிருந்து குறட்டால் எடுத்த நெருப்புத்தழலுக்கு மூலத்தில் இருப்பது இதே சொல்தான். சாராள், அன்னாள் வரிசையில் தமிழில் ரிஸ்பாள் ஆயிற்று.

உங்கள் சொந்தக்காரர்கள் 2 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தில் 'மறுமனையாட்டி' என்ற சொல்லைப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள். தாண், நப்தலி, காத், ஆசேர் என்ற நான்கு கோத்திரங்களைப் பெற்ற பில்காளும் சில்பாளும் யாராம்? யாக்கோபின் மறுமனையாட்டிகள்தானே?

21-ஆம் அதிகாரத்துக்கு வரச் சொல்லுங்கள். மூன்று வருஷப் பஞ்சம். முந்தின ராஜா சவுல், கிபியோனியர் என்ற ஜனத்தாரைக் கொன்ற பழிதான் அதற்குக் காரணம். அதற்கு ஈடாக அவன் வம்சத்தில் ஏழு ஆண்களைத் தாவீது ராஜா அவர்களிடம் ஒப்புக்கொடுக்கிறான். இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள், அர்மோனியும் மேவிபோசேத்தும். (சவுலின் மகன் யோனத்தானுக்குப் பிறந்த, கால் முடமான மேவிபோசேத் வேறு.) ஐந்து பேர் சவுலுடைய மகளின் பிள்ளைகள். மலையில் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டவனை அன்றைக்கே அடக்கம்பண்ண வேண்டும் என்பது மோசேயின் சட்டம். இவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நேரம். ரிஸ்பாள் இரட்டுத்துணியைப் பாறைமேல் விரித்தாள். வானத்திலிருந்து மழை பெய்கிறவரை அங்கேயே இருந்தாள். அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பது சித்திரை வாக்கில், மழைக்காலம் பிறப்பது ஐப்பசி வாக்கில். அந்த வெயிலை நினைத்துப் பாருங்கள். பகலில் பறவைகளையும் ராத்திரியில் காட்டுமிருகங்களையும் அண்டவிடவில்லை. தான் பெற்ற இரண்டு பேருக்கு மட்டுமா? ஏழு உடல்களுக்கும் காவல் அவள்தான்.

அவள் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. ஆனால் செய்தி தாவீதின் காதுக்குப் போயிற்று. அவன் யாபேசுக்குப் போய், அங்கே கிடந்த சவுல், யோனத்தான் எலும்புகளை எடுத்துவந்தான். இந்த ஏழு பேரின் எலும்புகளையும் சேர்த்தார்கள். சவுலையும் யோனத்தானையும் சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம்பண்ணினார்கள். தேசத்துக்கான வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று வேதம் சொல்வது ஏழு பேரும் செத்த உடனே அல்ல, இந்த அடக்கத்துக்கு அப்புறம்தான். ஒரு ராஜாவைத் தன் கடமையைச் செய்ய வைத்தவளின் பெயர் இது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை மருமகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தவர்களையும் கூப்பிடுங்கள்.