ரத்தநோய்க் குழந்தை மருத்துவம் எனக்குச் சரிவருமா?

கேள்வி: மருத்துவப் படிப்பில் இறுதியாண்டு மாணவி நான். குழந்தைகள் ரத்தநோய் மருத்துவராக ஆசை. "எந்நேரமும் புற்றுநோயும் சாவும்தான், நீ தாங்கமாட்டாய்" என்கிறார்கள் வீட்டில். எத்தனை வருடம் படிக்க வேண்டும்? எனக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அடிப்படை மருத்துவம், பிறகு பொதுக் குழந்தை மருத்துவம், அதன்பின் ரத்தநோய்ச் சிறப்புப் பயிற்சி. நாட்டுக்கு நாடு வருடக்கணக்கு மாறும்; மொத்தத்தில் பத்து வருடத்துக்கு மேல் போகும். பல இடங்களில் ரத்தநோயும் புற்றுநோயும் சேர்ந்த ஒரே பயிற்சிதான்.

வீட்டில் சொல்வது பாதி உண்மை. 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் முதன்முதலாக மருந்தால் குழந்தைகளின் லுக்கீமியாவை (ரத்தப் புற்றுநோயை) தற்காலிகமாக அடக்கியபோது அது உயிர்க்கொல்லி நோய்தான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவில், முழு சிகிச்சை கிடைக்கும் இடங்களில், இன்று பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். சாவைப் பார்க்காமல் இருக்கமாட்டீர்கள். ஆனால் அன்றாட வேலையின் பெரும்பகுதி ரத்தசோகை, தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்), ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்), தட்டணுக் குறைவு (ரத்தக் கசிவை நிறுத்தும் அணுக்கள் குறைவது) ஆகியவற்றோடுதான்.

அதில் பாதி, எண்களோடு மல்லுக்கட்டுவது. ஹீமோகுளோபின் 10 என்பது இரண்டு மாதக் குழந்தைக்கு இயல்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு ரத்தசோகை. சிவப்பணுவின் சராசரி அளவை (எம்.சி.வி.) சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை (அதன் லேசான வடிவத்தை) நினைக்க வேண்டும், மேலே போனால் இரும்புச்சத்துக் குறைவை. இது குறிப்புதான், தீர்ப்பல்ல. இயந்திரம் தட்டணு 15,000 என்று மிகக் குறைவாகக் காட்டும். ரத்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்த இ.டி.டி.ஏ.வால் அணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை.

உண்மையிலேயே தட்டணு குறைந்திருந்தாலும், வேறு கோளாறு இல்லாமல், தோலில் புள்ளிகளோடு ஓடியாடும் குழந்தைக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கவனித்தபடி காத்திருந்தால் போதும். பதற்றத்தில் ஸ்டீராய்டு கொடுத்துவிடுவது பழக்கமான தவறு. உள்ளே லுக்கீமியா இருந்தால் அதே ஸ்டீராய்டு அதைப் பாதி அடக்கி, பிற்பாடு எலும்பு மஜ்ஜையைப் பார்ப்பவரைக் குழப்பிவிடும்.

நள்ளிரவு அழைப்புகள் இரண்டு வகை. கீமோவில் (புற்றுநோய் மருந்துச் சிகிச்சையில்) இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 500க்குக் கீழே: ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 20 கிலோ பிள்ளை தலையில் அடிபட்டு வருகிறது: கிலோவுக்கு 50 யூனிட் வீதம் 1,000 யூனிட் எட்டாம் காரணி (ரத்தம் உறைய உதவும் புரதம்), ஸ்கேனுக்குக் காத்திராமல் முதலில்.

உங்களை உண்மையில் களைக்கவைப்பது இதைவிட மெதுவான ஒன்று. தலசீமியாப் பிள்ளை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வரும், வருடக்கணக்காக. ஏறும் ரத்தத்தோடு இரும்பும் இதயம், கல்லீரல், நாளமில்லாச் சுரப்பிகளில் சேரும். அதை வெளியேற்றும் மாத்திரை அன்றாடம் வேண்டும். பதின்வயது வந்ததும் பல பிள்ளைகள் அதை விழுங்குவதை நிறுத்திவிடுவார்கள். விழுங்காவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாதே! திட்டினால் "போட்டேன்" என்று பொய் வரும். ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பது காட்டிக்கொடுக்கும். "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். இந்தப் பொறுமை உங்களிடம் உண்டா என்பதுதான் கேள்வி. கைவேலை செய்து உடனே பலன் பார்க்கப் பிடித்தவர்களுக்கு, எங்கள் கணிப்பில், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை இன்னும் பொருந்தும்.

சோதித்துப் பார்க்க ஒரு மாத விருப்பப் பயிற்சி போதும். காலையில் ஆய்வகத்தில், அறிக்கையை மூடிவைத்துவிட்டு, தினம் பத்து ஸ்லைடு பாருங்கள். அலுப்புத் தட்டினால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் நோயைச் சொல்லும்போது, அவர்கள் சம்மதித்தால், உடன் உட்காருங்கள். "புற்றுநோய்" என்ற சொல்லுக்குப் பிறகு சொன்னதில் முக்கால்வாசி அவர்கள் காதில் ஏறாது. அதனால் மறுநாள் அதையே திரும்பச் சொல்லும் சந்திப்புக்கும் போங்கள். விண்ணப்பிக்கும்போதே தலசீமியா, ஹீமோபிலியா புறநோயாளிப் பிரிவுகளையும் கேட்டு வாங்குங்கள். வார்டில் படுத்திருப்பவர்கள் மிக மோசமான நிலையில் உள்ளவர்கள். நன்றாகிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைப் புறநோயாளிப் பிரிவில்தான் பார்க்க முடியும்.